பிள்ளைகளுக்குப் பொய்க் கதை போதும்

உளுந்துக்குக் களை எடுத்து முடிச்சாச்சு. மக்காச்சோளத்துல படைப்புழு தலைகாட்டுது, அதைப் பத்தித் தனியா ஒரு பதிவு எழுதுறேன். இன்னைக்குப் பயிர் பத்தி இல்லை, பிள்ளைங்க படிக்கிற கதை பத்தி. "சம்சாரிக்கு எதுக்குய்யா இந்த வேலை"ன்னு சிலர் நினைக்கலாம். ஊர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் சம்சாரி வீட்டுப் பிள்ளைங்கதான். அவங்களுக்கு ஊர் என்ன கதை சொல்லுதுன்னு நாம பாக்காம வேற யாரு பாக்குறது?

உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கதையில இருந்து தொடங்குறேன். சாகக் கிடக்கிற விவசாயி ஒருத்தர் தன்னோட சோம்பேறிப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, நிலத்துல புதையல் இருக்கு, தோண்டி எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிடுவார். பிள்ளைங்க நிலம் முழுக்கத் தோண்டுவாங்க. புதையல் இருக்காது. தோண்டுனது தோண்டியாச்சுன்னு விதைப்பாங்க, அமோகமா விளையும். உழைப்புதான் புதையல்னு அப்பப் புரிஞ்சுக்குவாங்க. ஈசாப் கதை. நம்ம பள்ளிக்கூடங்கள்ல தலைமுறை தலைமுறையாச் சொல்ற கதை. நானும் கேட்டேன், என் பிள்ளைங்களும் கேட்டாங்க.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கரிசக்காட்டு மானாவாரிச் சம்சாரி வீட்டுப் பிள்ளை இந்தக் கதையை எப்படி எடுத்துக்கும்? எங்க பக்கம் புரட்டாசியில விதைச்சுட்டு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி உக்காந்திருப்போம். மழை பிந்துனா மறுவிதைப்பு. பூக்குற நேரத்துல அடைமழை புடிச்சா பூ உதிர்ந்து போகும். ரெண்டுக்கும் தப்பி வந்தா காட்டுப்பன்னி. அதுக்கும் தப்பிக் களத்துக்கு வந்தா அன்னைக்குப் பாத்து விலை விழும். இதுல எந்த இடத்துல சம்சாரி சோம்பேறியா இருந்தான்?

ஆனா பிள்ளைக்குக் கதை சொல்லித் தந்த கணக்கு வேற. உழைச்சா விளையும். அப்படின்னா விளையலைன்னா உழைக்கலைன்னுதானே அர்த்தம்? அப்பன் நகையைக் கொண்டுபோய் அடகு வைக்கிறதைப் பாக்குது. கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறதைப் பாக்குது. "பேராசை பெருநட்டம்"னு பள்ளிக்கூடச் சுவர்ல எழுதியிருக்கிறதையும் படிக்குது. ரெண்டையும் முடிச்சுப் போட்டு, நம்ம அப்பா எதோ தப்புப் பண்ணிருக்காருன்னு அது மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கும். வாய் திறந்து கேக்காது. பள்ளிக்கூடத்துல "அப்பா என்ன வேலை"ன்னு கேட்டா மட்டும் குரல் இறங்கும். இந்தக் குரல் இறங்குறதை நான் நிறையப் பிள்ளைங்க கிட்டக் கேட்டிருக்கேன்.

அதனால சொல்றேன். பிள்ளைங்களுக்குச் சொல்ற பொய்க் கதை சும்மா பொழுதுபோக்கு இல்லை. பெத்தவங்களைப் பத்தி, தன்னைப் பத்தி, ஊரைப் பத்தி அது பிள்ளைக்கு ஒரு தப்பான கணக்கைக் கொடுத்துட்டுப் போகுது. அதே மாதிரி ஒரு உண்மையான கதை சரியான கணக்கைக் கொடுக்கும். உண்மையான கதைன்னா நிஜத்துல நடந்த சம்பவம்னு அர்த்தமில்லை. பேசுற பொம்மை வரலாம், பறக்குற யானை வரலாம். அது தப்பே இல்லை. ஆனா மனுசங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படி நடத்துறாங்க, காசு இல்லாத வீட்டுல எப்படி இருக்கும், பயந்த பிள்ளை என்ன செய்யும் என்பதுல ஏமாத்தக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்குறது.

ஒரே ஊர்க்காரங்க ரெண்டு பேர்

இந்த விசயத்துல எங்க கரிசல் மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல்னு ஒரு ஊர். அந்த ஒரே ஊர்ல இருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் சாகித்திய அகாதமி விருது கிடைச்சது. ஒருத்தருக்கு 'அன்பளிப்பு' தொகுப்புக்கு, 1970ல, அவர் இறந்து போனதுக்கு அப்புறம். இன்னொருத்தருக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு, 1991ல. கி.ரா. நம்மள மாதிரி சம்சாரி. காட்டு வேலை தெரிஞ்ச மனுசன்.

இவங்க ரெண்டு பேரும் பிள்ளைங்களைப் பத்தி எழுதுன கதைகள் பெரியவங்க பத்திரிகைகள்ல வந்தவைதான். ஆனா பத்து வயசுக்கு மேல இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் வாசிச்சுக் காட்டலாம். நான் வாசிச்சுக் காட்டுறேன். தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில பத்துப் பதினைஞ்சு பிள்ளைங்க கூடுவாங்க. டீவியில நல்ல படம் ஓடுனா நாலு பேரா குறையும்.

அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கோங்க. தீபாவளிக்கு முந்தின நாள். ஏழை வீட்டுப் பிள்ளைங்களுக்கும் பணக்கார வீட்டுப் பையன் ஒருத்தனுக்கும் போட்டி. யார் பாடப் புத்தகத்துல படம் நிறைய இருக்கு, யாருகிட்ட பட்டுச் சட்டை இருக்கு. அந்த ஏழை வீட்டு வாசலுக்கு ராத்திரி ஒரு அனாதைப் பையன் வர்றான். உடம்பெல்லாம் சிரங்கு. அந்தத் தாய் அவனைக் குளிப்பாட்டி, புருசனுக்குன்னு எடுத்து வச்ச துண்டை அவனுக்குக் கட்டிவிட்டு, தன் பிள்ளைங்களோட பிள்ளையா வச்சுக்கிறா. அந்தப் பையன் பேரு ராஜா. மறுநாள் பணக்காரப் பையன், எங்க வீட்டுக்கு ராஜா வந்திருக்கார்னு பெருமை பேச வரும்போது, இந்த வீட்டுச் சின்னப் பிள்ளையும் அதையே திருப்பிச் சொல்லுது.

இந்தக் கதையில ஏழைக்குப் புதையல் கிடைக்கலை. ராஜா வந்து பொற்காசு கொடுக்கலை. பணக்காரப் பையன் திருந்தவும் இல்லை. கதை முடியும்போதும் அந்த வீடு ஏழை வீடுதான். ஆனா அந்த வீட்டுப் பிள்ளை தலை நிமிர்ந்து பேசுது. இதைக் கேட்டுட்டு எங்க திண்ணையில இருந்த பிள்ளைங்க யாரும் அழலை. "எங்க வீட்டுலயும் போன தீவாளிக்கு எனக்கு மட்டுந்தான் எடுத்தாங்க, எங்கம்மா எடுக்கல"ன்னு ஒன்னு சொல்ல, வரிசையா எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க. தன் வீட்டு இல்லாமையை வெளியில சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்த பிள்ளைங்க. கதை அந்த வெக்கத்தை எடுத்துப் போட்டுருச்சு.

அடுத்து கி.ரா.வோட 'கதவு'. வீட்டுக் கதவுல ஏறி ஆட்டம் போடுற பிள்ளைங்க, அதுதான் அவங்களுக்கு பஸ்சு. தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழட்டித் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கதவில்லாத வீட்டுல குளிர்காத்து புகுந்து என்ன ஆகுதுன்னு கதை போகும். இதை வாசிச்சு முடிச்சதும் ஏழாப்பு படிக்கிற பிள்ளை ஒன்னு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "எங்க டிராக்டரைத் தூக்கிட்டுப் போன மாதிரியா மாமா?"ன்னு கேட்டுச்சு.

நிசப்தம். அந்த வீட்டு டிராக்டரைத் தவணை கட்டலைன்னு தூக்கிட்டுப் போனது ஊருக்கே தெரியும். ஆனா அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல, டிராக்டர் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. ஆமாம்மா, அதே மாதிரிதான்னு சொன்னேன். அன்னைக்கு வேற எதுவும் பேசலை.

ரெண்டு நாள் கழிச்சு அதோட அப்பா களத்துக்கு வந்தாரு. "என்னண்ணே, எம்புள்ளைக்கு என்ன கதை சொன்னீங்க? தவணை எவ்வளவு, எத்தனை பாக்கி, ஏன் கட்ட முடியலைன்னு உக்கார வச்சுக் கணக்குக் கேக்கு." கோவிச்சுக்கத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன். அவரே தொடர்ந்தாரு: "வண்டி போனதுல இருந்து எம்மூஞ்சியப் பாத்துப் பேசாம இருந்துச்சுண்ணே. நேத்துதான் பேசுச்சு. மழை இல்லாமப் போனது, புழு விழுந்தது எல்லாத்தையும் சொன்னேன். சரிப்பான்னு கேட்டுக்கிடுச்சு."

புதையல் கதை அப்பனையும் பிள்ளையையும் பிரிச்சு வச்சிருந்துச்சு. கதவுக் கதை பேச வச்சுச்சு. இலக்கியத்தோட தாக்கம்னு பெரிய வார்த்தையில எழுதுறாங்களே, அது இந்த அளவுலதான் ஒரு ஊருக்குள்ள நடக்கும். சின்னதுதான். ஆனா ஒரு வீட்டுக்கு அது பெருசு.

பிஞ்சு மனசு கெட்டுப்போகுமா?

இதைச் சொன்னா உடனே வர்ற கேள்வி, "பிஞ்சு மனசுல ஏன் கஷ்டத்தைப் போடணும்?" கேக்குறவங்க அக்கறையோடதான் கேக்குறாங்க. அதனால நிதானமாப் பதில் சொல்றேன்.

முதல்ல, கிராமத்துப் பிள்ளை எதைப் பாக்காம வளருது? கெடா வெட்டுறதைப் பாக்குது. கன்னு செத்தே பிறக்குறதைப் பாக்குது. எழவு வீட்டுக்கு அம்மா இடுப்புல உக்காந்து போகுது. குடிச்சுட்டு வந்து அடிக்கிற சித்தப்பனைப் பாக்குது. தெரியாத ஒன்னைக் கதை புதுசாக் கொண்டுவந்து போடலை. ஏற்கெனவே தெரிஞ்சதைப் பத்திப் பேசலாம்னு ஒரு அனுமதி கொடுக்குது.

ரெண்டாவது, நம்ம முன்னோர் பிள்ளைங்களுக்கு மென்மையான கதை மட்டுமா சொன்னாங்க? நல்லதங்காள் கதை தெரியாத ஊர் உண்டா? பஞ்சத்துல ஏழு பிள்ளைங்களோட அண்ணன் வீடு தேடிப் போன பொம்பளை, அண்ணன் பொண்டாட்டி மூளி அலங்காரி விரட்டிவிட, பிள்ளைங்களைக் கிணத்துல போட்டுட்டுத் தானும் விழுந்த கதை. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துல அந்தத் தாய்க்குக் கோயிலே இருக்கு. விடிய விடிய நாடகம் நடக்கும்போது பிள்ளைங்க முன்வரிசையிலதான் உக்காந்திருந்தாங்க. யாரும் வீட்டுக்கு அனுப்பலை. பஞ்சம்னா என்னன்னு பாடப் புத்தகம் சொல்லித் தர்றதுக்கு முன்னாடி நல்லதங்காள்தான் நமக்குச் சொல்லித் தந்தா.

ஆனா அந்தக் கதையிலயும் ஒரு குறை உண்டு. கதை முடிஞ்சு எல்லாரும் மூளி அலங்காரியைத்தான் திட்டுவாங்க. பஞ்சம் ஏன் வந்துச்சு, ஒரு வீட்டுல தானியம் இருக்கும்போது இன்னொரு வீட்டுல ஏன் இல்லாமப் போச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பழியை ஒரு பொம்பளை தலையில போட்டுட்டுக் கலைஞ்சு போயிடுவாங்க. துயரம் நிறைய இருந்தா அது உண்மையான கதைன்னு ஆகிடாது. அழ வைக்கிறது சுலபம். எதுனால அழுறோம்னு சரியாக் காட்டுறதுதான் கஷ்டம்.

மூணாவது, உண்மைன்னா எப்பவும் சோகமா இருக்கணும்னும் இல்லை. கி.ரா.வோட 'பிஞ்சுகள்' இருக்கு. பறவை முட்டை சேகரிக்கிறதுக்காகக் காடு மேடெல்லாம் அலையுற வெங்கடேசுன்னு ஒரு பையன். கூட்டைக் கலைக்கிறது பாவம்னு கதை நடுவுல நிறுத்தி யாரும் உபதேசம் பண்ண மாட்டாங்க. பிள்ளைங்க அப்படித்தான், அலைவாங்க, எடுப்பாங்க, அப்புறம் தாங்களாவே ஒரு நாள் கையை இழுத்துக்குவாங்க. எங்க பிள்ளைங்களுக்கு அது ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான். வாசிச்ச மறுவாரம் செம்போத்து எங்க கூடு கட்டுது, கௌதாரி எங்க முட்டையிடுதுன்னு ஒரே விசாரணை. செல்போன்ல வராத ஒரு உலகம் நம்ம ஓடைக்கரையில இருக்குன்னு ஒரு புத்தகம் சொல்லித்தான் அவங்களுக்குத் தெரிய வந்துச்சு. சந்தோசத்துலயும் உண்மை வேணும்.

பிள்ளைங்களுக்குன்னே எழுதுனவை

இப்போ பிள்ளைங்களுக்காகவும் இளவட்டங்களுக்காகவும் எழுதப்பட்ட மூணு கதைகளைச் சொல்றேன்.

ஒன்னு, இரா. நடராசன் எழுதின 'ஆயிஷா'. நிறையக் கேள்வி கேக்குற ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு. கேள்வி கேட்டதுக்கு அடி. அடி வலிக்காம இருக்கணும்னு மரத்துப்போற மருந்தைத் தனக்குத் தானே ஏத்திக்கிட்டுச் செத்துப் போயிடுறா. அதை அவளோட அறிவியல் டீச்சர் சொல்ற மாதிரி கதை. சின்னப் புத்தகம். ஒரு மணி நேரத்துல படிச்சிரலாம். இது வந்தது தொண்ணூறுகள்ல. அதே பேராலதான் இன்னைக்கும் அந்த எழுத்தாளரை அடையாளம் சொல்றாங்க.

எங்க காலத்துல பெத்தவங்க பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார்கிட்ட என்ன சொல்லுவாங்க? "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்." பெருமையாச் சொல்லுவாங்க. இன்னைக்கு அதை யாரும் அப்படிச் சொல்றதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்துச்சு, அதோட 17ஆம் பிரிவு பிள்ளைங்களை அடிக்கிறதையும் மனசைக் காயப்படுத்துறதையும் தடை பண்ணுது. சட்டம் முக்கியம். ஆனா சட்டம் ஊருக்குள்ள வந்து இறங்குறதுக்கு முன்னாடியே, அடிக்கிறது வீரமில்லைன்னு நிறைய ஆசிரியர்கள் மனசுல போட்டது இந்த மாதிரிக் கதைகள். அடி வாங்குன பிள்ளையோட பக்கம் நின்னு அந்தக் கதை பேசுச்சு. அதுவரைக்கும் நம்ம நீதிக்கதைகள் எல்லாம் அடிக்கிற கையோட பக்கம்தான் நின்னுச்சு.

ரெண்டு, யெஸ். பாலபாரதி எழுதின 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020ஆம் வருசத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் வாங்கின புத்தகம். நம்ம வீட்டுக் கொலுவுல வைக்கிற மரப்பாச்சிப் பொம்மை ஒரு சிறுமிகிட்டப் பேசுது. தொடக்கூடாத விதத்துல தொடுற பெரியவங்களைப் பத்தி, அதைப் பயப்படாம வெளியில சொல்றதைப் பத்தி. இந்த விசயத்துக்கு நம்ம ஊர்ல வார்த்தையே கிடையாது. பிள்ளை வந்து சொன்னாலும், "வாயை மூடு, மாமா அப்படியெல்லாம் பண்ண மாட்டாரு"ன்னு அடக்கி வச்ச ஊர்தான் எல்லா ஊரும். போக்சோ சட்டம் 2012ல வந்துச்சு. ஆனா சட்டத்துக்கிட்டப் போகணும்னா பிள்ளை முதல்ல வாய் திறக்கணும். வாய் திறக்க வார்த்தை வேணும். ஒரு கதை அந்த வார்த்தையைப் பிள்ளை கையில கொடுக்குது. இதைவிடப் பெரிய வேலை ஒரு புத்தகம் என்ன செஞ்சிர முடியும்?

இந்தப் புத்தகத்தை மட்டும் நான் திண்ணையில வாசிக்கிறதில்லை. என் வீட்டுக்காரம்மா பொம்பளப் பிள்ளைங்களோட அம்மாமார்கிட்டக் கொடுத்து, முதல்ல நீங்க படிங்க, அப்புறம் பக்கத்துல உக்காந்து பிள்ளையைப் படிக்க வைங்கன்னு சொல்லுவா. 1098ங்கிற குழந்தைகள் உதவி எண்ணையும் அட்டையில எழுதி வச்சிருக்கா. பையன்களுக்கும் இது நடக்கும், அவங்களுக்கும் கொடுக்கணும்னு இந்த வருசம் முடிவு பண்ணிருக்கோம்.

மூணு, விஷ்ணுபுரம் சரவணனோட 'கயிறு'. சின்னக் கதைப் புத்தகம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க மணிக்கட்டுல கட்டுற சாதிக் கயிறு பத்தினது. இதே எழுத்தாளருக்குத்தான் 2025ல 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு பால சாகித்திய புரஸ்கார் கிடைச்சது.

எங்க தென்மாவட்டங்கள்ல இந்தக் கயிறு என்ன வேலை பாக்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019ல பள்ளிக் கல்வித் துறை இதைப் பத்திச் சுற்றறிக்கை விட்டு, அதுவே பெரிய சர்ச்சையாச்சு. 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில, கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டுனாங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தாங்க. கையில கலர் கயிறு கட்டுறதைத் தடுக்கணும்னு அதுலயும் சொல்லியிருக்கு.

அந்தப் புத்தகம் எங்க திண்ணைக்கு வந்தப்போ ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கூப்பிட்டு விட்டாரு. "ஏம்ப்பா, புள்ளைகளுக்குத் தெரியாததை நீயே சொல்லிக் குடுக்கியா? அதுபாட்டுக்கு ஒத்துமையா வெளையாடிக்கிட்டுத் திரியுதுக."

"பெரியப்பா, எந்தக் கலர் கயிறு எந்தச் சாதிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"எனக்கு என்னத்தத் தெரியும்"னாரு.

"எனக்கும் முழுசாத் தெரியாது. ஒங்க பேரன்கிட்டக் கேளுங்க. எட்டாப்புதான் படிக்கான், ஒன்னு விடாமச் சொல்லுவான்."

அவரு ஒன்னும் பேசலை. சம்மதம்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. பிள்ளைங்களுக்கு ஒன்னும் தெரியாதுன்னு நாம சொல்றது நம்ம வசதிக்கு. கயிறு கட்டத் தெரிஞ்ச வயசுல கயிறு பத்தின கதை படிக்கக் கூடாதாம். இது என்ன நியாயம்னு எனக்குப் புரியலை.

கதைக்கு எவ்வளவு பலம்

இந்த இடத்துல நானும் பொய் சொல்லக் கூடாது. 'கயிறு' படிச்ச பையன் மறுநாளே கயித்தை அறுத்துப் போட்டான்னு எழுதுனா நல்லாத்தான் இருக்கும். அப்படி நடக்கலை. ஒரு பையன் புத்தகத்தை வாங்கிட்டுப் போயி, ஒரு வார்த்தை பேசாமத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். கையில கயிறு அப்படியே இருந்துச்சு. ஆனா "வேற இருக்கா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். கயித்தை அவன் கையில கட்டுனது அவன் மட்டும் இல்லையே. வீடு, தெரு, திருவிழா போர்டு, சினிமாப் பாட்டு எல்லாம் சேந்துதான் கட்டிவிட்டிருக்கு. ஒரு புத்தகம் ஒத்தையா அத்தனையையும் அவிழ்த்துரும்னு சொன்னா அது இன்னொரு புதையல் கதை.

கதை செய்யக்கூடியது வேற. தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைக்கிற பிள்ளைக்கு, உனக்கு மட்டும் இல்லைன்னு சொல்லும். அடுத்த தெருப் பிள்ளை வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு, அந்தத் தெருவுக்குள்ள போகாமலே காட்டும். ஒரு ஊர்ல அப்படி நாலு பிள்ளை படிச்சு வளந்தா, அடுத்த தலைமுறையில பேச்சு கொஞ்சம் மாறும். தோலை உரிக்கச் சொன்ன பேச்சு மாறலையா, அதே மாதிரி. வேம்பு வளர்ற வேகம்தான். ஆனா நட்டாத்தான் வளரும்.

இன்னொரு எச்சரிக்கை. நல்ல கருத்து இருக்கிறதாலயே ஒரு கதை நல்ல கதை ஆகிடாது. இப்போ சிறுவர் புத்தகங்கள்ல ஒரு புது வியாதி வந்திருக்கு. பழைய நீதிக்கதையில ராஜா உபதேசம் பண்ணுவாரு, புதுசுல டீச்சரோ மரமோ யானையோ உபதேசம் பண்ணுது. மரம் வெட்டாதே, பிளாஸ்டிக் போடாதே, விவசாயி தெய்வம். பிள்ளைங்க கொட்டாவி விடுறாங்க. "விவசாயி தெய்வம்"னு எழுதுறதும் பொய்தான். நாங்க தெய்வம் இல்லை. எங்கள்லயும் வரப்பை வெட்டுறவன் இருக்கான், களை எடுக்க வந்தவங்களுக்குக் கூலியைக் குறைச்சுக் கொடுக்கிறவன் இருக்கான், கூலிக்கு வந்தவங்களுக்குத் தனி டம்ளர் வச்சவங்களும் நம்ம ஆளுகதான். பெருமாள்முருகனோட 'கூளமாதாரி' படிச்சவங்களுக்குத் தெரியும், பண்ணையத்துல ஆடு மேய்க்கிற பிள்ளைங்க கண்ணு வழியாப் பாத்தா சம்சாரி எப்படித் தெரிவான்னு. அது கொஞ்சம் பெரிய பிள்ளைங்க படிக்க வேண்டியது. ஆனா நம்ம வீட்டுப் பிள்ளைங்க கட்டாயம் படிக்க வேண்டியது. தெய்வம்னு சொல்லிக் கொடுத்தா அவங்களுக்கு ஒன்னும் தெரியாமப் போயிடும்.

செய்ய வேண்டியது

நிலைமை முன்னைக்கு இப்ப தேவலை. பள்ளிக் கல்வித் துறையில வாசிப்பு இயக்கம்னு கொண்டுவந்து, நுழை, நட, ஓடு, பறன்னு தரம் பிரிச்சுச் சின்னச் சின்னக் கதைப் புத்தகம் பள்ளிக்கூடத்துக்கு வருது. ஆனா ஊருக்குள்ள? 2006ல அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்னு ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினாங்க. உங்க ஊர்ல அந்தக் கட்டடம் எப்படி இருக்குன்னு ஒரு தடவை போய்ப் பாருங்க. எங்க பக்கம் நான் பாத்த வரைக்கும் பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. உள்ள இருக்கிற புத்தகத்தைக் கரையான்தான் படிக்குது.

என்னோட யோசனை இவ்வளவுதான். ஒன்னு, அடுத்த கிராமசபைக் கூட்டத்துல அந்த நூலகத்தைத் திறக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க. ரோடு, தண்ணி, லைட்டோட சேத்து இதையும் கேளுங்க. ரெண்டு, கோயில் கொடைக்கு வரி போடும்போது அதுல ஒரு ஆயிரம் ரூவாயைப் பிள்ளைங்க புத்தகத்துக்கு ஒதுக்குங்க. இந்தப் பதிவுல சொன்ன பல புத்தகம் சின்னப் புத்தகம், விலையும் கம்மி. மூணு, புத்தகத்தைக் கையில கொடுத்துட்டு நாம சீரியல் பாக்கப் போகக் கூடாது. கூட உக்காந்து படிக்கணும். படிச்சு முடிச்சதும் "இந்தக் கதையின் நீதி என்ன?"ன்னு கேக்கக் கூடாது. பிள்ளை தானா என்ன கேக்குதோ அதுக்கு உண்மையாப் பதில் சொல்லணும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.

அந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். உண்மையான கதை படிச்ச பிள்ளை அடுத்து நம்மகிட்டத்தான் கேள்வி கேக்கும். கடன் எவ்வளவு, எதுக்கு வாங்குன, அந்தத் தெருக்காரங்க ஏன் நம்ம வீட்டுக்குள்ள வர்றதில்லை, எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியுற மாதிரி ஆச்சிக்கு ஏன் தெரியலை. பல வீட்டுல புத்தகம் வேண்டாங்கிறதுக்குப் பிஞ்சு மனசு காரணமே இல்லை, இந்தக் கேள்விக்குப் பயந்துதான். பயப்படாம ஒரு தடவை பதில் சொல்லிப் பாருங்க. பிள்ளைங்க நாம நினைக்கிறதைவிடத் தாங்குவாங்க.

உங்க ஊர்ல பிள்ளைங்க விரும்பிப் படிக்கிற கதை எதுவும் இருந்தா பேரை எழுதி அனுப்புங்க. தை அறுப்பு முடிஞ்சதும் கோவில்பட்டிக்குப் போய் வாங்கணும்.